ரவுட்டர் இருக்கிறது, நெட் இல்லை



இன்றைய பேச்சின் பொருள் சின்னதுதான். ஒரு லினக்ஸ் பெட்டி. அது வெளியுலகத்துக்குப் போக இரண்டு வழி. ஒன்று ஃபைபர் இணைப்பு, இன்னொன்று 4ஜி டாங்கிள். ஃபைபர் படுத்துவிட்டால் பெட்டி தானாக டாங்கிளுக்கு மாற வேண்டும். ஃபைபர் எழுந்ததும் திரும்பி வர வேண்டும். ஃபெயிலோவர் என்று பெயர். இரண்டு இணைப்புக்கும் மாதாமாதம் பணம் கட்டுகிற அலுவலகம் இவ்வளவு எதிர்பார்ப்பதில் தப்பே இல்லை.

ஆனாலும், இரண்டு கேட்வேயையும் எழுதிவைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போன அட்மினுக்கு நடு ராத்திரியில் போன் வருகிறது. ஏன் வருகிறது? லினக்ஸுக்கு மாறத் தெரியாதா? தெரியும். நன்றாகவே தெரியும். எப்போது மாற வேண்டும் என்பதுதான் அதற்குத் தெரியாது. முதல் வழி செத்துவிட்டது என்ற சேதியை அதற்கு யாராவது சொல்ல வேண்டும். யார் சொல்வது? இந்தப் பேச்சு முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றப்போகிறது.

பெட்டிக்குள்ளே இருக்கும் ரூட்டிங் டேபிளில் 'டிஃபால்ட்' என்று ஒரு வரி உண்டு. வேறெந்த வரியிலும் பொருந்தாத முகவரிக்கெல்லாம் அந்த வரிதான் பொறுப்பு. ஒரே டேபிளில் இரண்டு டிஃபால்ட் வரி எழுதலாம். மெட்ரிக் என்ற எண் மட்டும் வேறாக இருந்தால் போதும். 192.168.1.1 வழியாகப் போகிற ஃபைபருக்கு மெட்ரிக் 100. 192.168.2.1 வழியாகப் போகிற டாங்கிளுக்கு மெட்ரிக் 200. எண் குறைந்தது ஜெயிக்கும். 100 இருக்கிற வரைக்கும் கர்னல் 200-ஐத் திரும்பிக்கூடப் பார்க்காது.

'இருக்கிற வரைக்கும்' என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மெட்ரிக் என்பது விருப்ப வரிசை. உடல்நலச் சான்றிதழ் இல்லை. 100 என்று எழுதிய வரி டேபிளில் இருந்தால், அந்த வழி வேலை செய்கிறதா என்று கர்னல் விசாரிப்பதில்லை. பாக்கெட்டை அங்கே தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். அந்த வரியை எடுக்க வேண்டியது வேறு ஒருவர். அந்த வேறு ஒருவர் யார்?

சரி, ஒயரைப் பிடுங்கிப் பார்ப்போம் என்று சோதிப்பவர்கள் உண்டு. பெட்டியின் பின்பக்கத்து லேன் கேபிளை உருவுகிறார்கள். சில விநாடியில் டாங்கிள் வழியாக நெட் ஓடுகிறது. 'பார்த்தீர்களா, மாறிவிட்டது' என்று மேலதிகாரியிடம் காட்டுகிறார்கள். மாறியது உண்மை. கேபிள் கழன்றதை நெட்வொர்க் கார்டு உணர்ந்தது, நெட்வொர்க் மேனேஜர் கவனித்தது, அந்த வரியை எடுத்தது. நெட்வொர்க் மேனேஜர் போன்ற ஒரு காவலர் இல்லாத சர்வரில் இதுகூட நடக்காது. கர்னல் அந்த வரியின் பக்கத்தில் 'லிங்க்டவுன்' என்று ஒரு குறிப்பு போடும். போட்டுவிட்டு, இயல்பு அமைப்பில், பாக்கெட்டைப் பழையபடி அங்கேயே அனுப்பும்! ஒயர் கழன்ற வழியைத் தாண்டிப் போகச் சொல்லும் அமைப்பு 2015-இல் கர்னலில் சேர்ந்தது. அதையும் நாமே இயக்கிவைக்க வேண்டும்.

ஆனால் கேள்வி வேறு. சர்வருக்கும் ரவுட்டருக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு மீட்டர் கேபிள் எத்தனை முறை அறுந்திருக்கிறது? அநேகமாக ஒருமுறைகூட இல்லை. அறுவது எது? தெருக் கம்பத்தில் தொங்கும் ஃபைபர் அறுகிறது. எக்ஸ்சேஞ்சில் மின்சாரம் போகிறது. இணைய நிறுவனத்தின் நடு ரவுட்டர் குழம்புகிறது. இத்தனையும் நடக்கும்போது அலுவலகத்து மூலையில் இருக்கும் ரவுட்டர் என்ன செய்கிறது? பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. பிங் போட்டால் ஒரு மில்லிவிநாடியில் பதில் சொல்கிறது. வாசல் கதவு திறந்துதான் இருக்கிறது. தெருக்கோடியில் பாலம் இடிந்திருக்கிறது. கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் லினக்ஸுக்குப் பாலத்தின் சேதியை யார் சொல்வது?

ஒயருக்கு அடுத்த படி ஒன்று உண்டு. ரவுட்டரின் ஐபி முகவரிக்கு உரிய வன்பொருள் முகவரியை ஆர்ப் மூலமாகக் கேட்டுக் கர்னல் ஒரு பட்டியலில் எழுதிவைக்கிறது. பதில் வந்துகொண்டிருந்தால் 'ரீச்சபிள்', கொஞ்ச நேரம் பேச்சில்லை என்றால் 'ஸ்டேல்', கேட்டும் பதிலே இல்லை என்றால் 'ஃபெயில்ட்'. ரவுட்டரின் மின்சாரம் போனால் இந்தப் பட்டியல் சில விநாடிகளில் அதைக் கண்டுபிடித்துவிடும். அப்போதாவது 200-க்கு மாறுமா? ஐபிவி4-இல் மாறாது. மெட்ரிக் வேறாக இருந்தால் இந்தப் பட்டியலை அது வழி தேர்வுக்குப் பயன்படுத்துவதே இல்லை. 'ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று சொல்லிவிட்டு நின்றுகொள்ளும். ஒரே மெட்ரிக்கில் இரண்டு வரி இருந்தால் ஓரளவு பார்க்கும். ஒரே வரியில் பல வழிகளைப் பங்கிடும் மல்டிபாத் அமைப்புக்கு 2016-இல் இதற்கென ஒரு சுவிட்ச் வந்தது. ஐபிவி6 இதில் கொஞ்சம் கெட்டி, பதில் சொல்லாத ரவுட்டரை ஒதுக்கத் தெரியும். ஆனால் எல்லாமே முதல் படியான ரவுட்டரோடு சரி. முதல் படி மூச்சு விடுகிறதா என்று பார்க்கலாம். அதற்குப் பின்னால் இருக்கும் உலகத்தைப் பார்க்க முடியாது.

இது லினக்ஸின் சோம்பேறித்தனமா? இல்லை. இணையத்தின் பிறப்போடு வந்த சிக்கல். 1982-இல் டேவிட் கிளார்க் எழுதிய ஆர்எஃப்சி 816 என்ற இணையத் தொழில்நுட்பக் குறிப்பு முழுவதும் இதைத்தான் பேசுகிறது: வழியில் எது பழுது, அதிலிருந்து எப்படி மீள்வது. 1989 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1122, இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கணினியும் செத்த கேட்வேயைக் கண்டுபிடித்து மாற்று வழிக்குப் போகத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டளையே போட்டது. கூடவே இன்னொரு கட்டளை: முதல் கேட்வேயைச் சும்மா தொடர்ந்து பிங் அடித்துக்கொண்டே இருக்கக் கூடாது! இன்றைக்கு ஃபெயிலோவர் ஸ்கிரிப்ட் எழுதுகிற அத்தனை பேரும் பிங்கை நம்பித்தான் பிழைக்கிறார்கள். அன்றைக்கு ஒரு கேட்வேயின் பின்னால் ஏராளமான கணினிகள். எல்லாம் சேர்ந்து விநாடிக்கு விநாடி 'இருக்கிறாயா, இருக்கிறாயா' என்று கேட்டால் அந்த ஏழைப் பெட்டி பதில் சொல்லியே ஓய்ந்துபோயிருக்கும். அந்தத் தடைக்கு அன்றைக்கு நியாயம் இருந்தது. இன்றைக்கு நிலைமை வேறு. கேட்வேயைப் பிங் அடித்துப் பிரயோஜனமும் இல்லை.

லினக்ஸ் உலகத்தில் இந்த வேலைக்கு அடித்தளம் போட்டவர் அலெக்ஸி குஸ்னெட்சோவ். 1999-இல் வந்த 2.2 கர்னலில் அவர் கட்டிய ரூட்டிங் அமைப்பும் ஐபிரூட்2 கருவிகளும்தான் இன்றைக்கும் ஓடுகின்றன. ஒரு பெட்டிக்குள் பல ரூட்டிங் டேபிள். எந்தப் பாக்கெட்டுக்கு எந்த டேபிள் என்று விதி. ஃபைபரின் முகவரியிலிருந்து கிளம்புவது ஃபைபர் டேபிளுக்கு, டாங்கிளின் முகவரியிலிருந்து கிளம்புவது டாங்கிள் டேபிளுக்கு. பின்னாளில் பவர்டிஎன்எஸ் மென்பொருளால் பெயர் பெற்ற பெர்ட் ஹூபர்ட் முன்னின்று தொகுத்த லினக்ஸ் ரூட்டிங் வழிகாட்டியில், இரண்டு நிறுவன இணைப்பை ஒரே பெட்டியில் கட்டும் பகுதியைத்தான் ஒரு தலைமுறை அட்மின்கள் அப்படியே பார்த்துத் தட்டினார்கள். செத்த கேட்வேயைக் கர்னலே கண்டுபிடிக்க ஜூலியன் அனஸ்டசோவ் தனியாகப் பேட்ச் எழுதிக் கொடுத்தார். ஆனால் அந்தப் பேட்சுக்கும் முதல் படிதான் கண்ணுக்குத் தெரியும்.

அதற்கு அப்பால் நடப்பதற்கு ஓர் உதாரணம். 2008 ஜனவரி 30. எகிப்தில் அலெக்சாண்டிரியா கடற்கரைக்கு அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஐரோப்பா-ஆசியா என்ற இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. சீ-மீ-வீ 4 நம் சென்னையிலும் கரையேறுகிற கேபிள். எகிப்து, வளைகுடா, பாகிஸ்தான், இந்தியா என்று வரிசையாக இணையம் தடுமாறியது. அன்றைக்கு இந்தியாவில் ஓர் அலுவலகத்தின் லினக்ஸ் பெட்டி என்ன பார்த்திருக்கும்? ஒயர் சரி. ரவுட்டர் பதில் சொல்கிறது. உள்நாட்டுத் தளங்கள் திறக்கின்றன. ஐரோப்பாவுக்குப் போவது மட்டும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. இது செத்த இணைப்பா, உயிருள்ள இணைப்பா? உள்நாட்டு முகவரியைப் பிங் அடிக்கும் ஸ்கிரிப்ட் 'உயிர்' என்று சொல்லும். லண்டனைப் பிங் அடிக்கும் ஸ்கிரிப்ட் 'செத்தது' என்று சொல்லும். இரண்டும் பொய் சொல்லவில்லை. ஆகவே ஸ்கிரிப்ட் எழுத உட்காரும் முன்பே அட்மின் பதில் சொல்ல வேண்டியது ஒன்று: இந்த அலுவலகத்துக்கு எந்த இடம் எட்டினால் நெட் இருப்பதாக அர்த்தம்?

பலர் கையில் எடுப்பது 8.8.8.8, இல்லையென்றால் 1.1.1.1. பொது டிஎன்எஸ் சர்வர்களின் முகவரிகள், நினைவில் நிற்கும் எண்கள். 2025 ஜூலை 14 அன்று 1.1.1.1 சேவை உலகம் முழுக்க 62 நிமிடம் நின்றுபோனது. காரணம் அதை நடத்தும் நிறுவனத்தின் உள் அமைப்பில் நடந்த பிழை. அந்த ஒரு மணி நேரத்தில் அதை மட்டுமே நம்பிய ஸ்கிரிப்ட் நல்ல ஃபைபரைச் செத்ததாகக் கணக்கெழுதியிருக்கும். ஒரு சாட்சி போதாது. வெவ்வேறு நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு மூன்று முகவரிகளைக் கேட்க வேண்டும். எல்லாமே ஊமையானால்தான் தீர்ப்பு எழுத வேண்டும். பிங்குக்குப் பதில் சொல்லும் கடமை அந்த நிறுவனங்களுக்கு இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

சாட்சியை எந்த வழியாகப் போய்க் கேட்பது? அனுபவசாலிகளே தடுக்கி விழும் இடம் இதுதான். ஃபைபரின் நலம் விசாரிக்கிற பிங் ஃபைபர் வழியாகத்தான் போக வேண்டும். சும்மா பிங் என்று எழுதினால் என்ன ஆகும்? ஃபைபர் செத்தது, ஸ்கிரிப்ட் டாங்கிளுக்கு மாற்றியது, அடுத்த பிங் டாங்கிள் வழியாகப் போனது, பதில் வந்தது, 'ஃபைபர் எழுந்துவிட்டது' என்று ஸ்கிரிப்ட் திரும்ப மாற்றியது, உடனே மறுபடி செத்தது. இப்படி ராத்திரி முழுக்க ஊஞ்சலாட்டம். பிங்கை இந்த இன்டர்ஃபேஸ் வழியாகத்தான் போ என்று கட்டிப்போட்டால் இது நிற்கும்.

கட்டிப்போட்டாலும் ஒரு கண்ணி காத்திருக்கிறது. செத்த வழியின் டிஃபால்ட் வரியைச் சிலர் அழித்தேவிடுகிறார்கள். அதன் பிறகு அந்த இன்டர்ஃபேஸ் வழியாக 8.8.8.8-க்குப் பிங் போட்டால், வரி எதுவும் இல்லாததால், அந்த முகவரி பக்கத்திலேயே லேனில் இருக்கிறது என்று கர்னல் எடுத்துக்கொள்கிறது. '8.8.8.8 யாரப்பா?' என்று அறைக்குள்ளேயே ஆர்ப் கூவுகிறது. யாரும் இல்லை. ஃபைபர் எழுந்து மணிக்கணக்கானாலும் ஸ்கிரிப்டுக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே வரியை அழிக்காமல் மெட்ரிக்கை ஏற்றிவிடுவது புத்திசாலித்தனம். 100-ஐ 1000 ஆக்கினால் 200 தானாக முன்னுக்கு வரும். பிங் போக வழியும் இருக்கும். நெட்வொர்க் மேனேஜரும் இதையேதான் செய்கிறது. கம்பி இணைப்புக்கு 100, வைஃபைக்கு 600 என்று அது இயல்பாகவே மெட்ரிக் வைத்துக்கொள்ளும். இணைய இருப்புச் சோதனையை இயக்கிவைத்து, அது தோற்றால் மெட்ரிக்கில் 20000-ஐக் கூட்டிப் பின்னால் தள்ளும்.

இன்னொரு காட்சி. டாங்கிள் வழியாகப் பிங் போகிறது. பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் திரையில் பதில் வந்து விழுவது கண்ணால் தெரிகிறது. பக்கத்துத் திரையில் பிங் மட்டும் 'பதில் இல்லை' என்கிறது. பேய் வேலையா? இல்லை, ஆர்பி ஃபில்டர். 8.8.8.8-க்குப் போக நல்ல வழி ஃபைபர் என்று டேபிள் சொல்கிறது. பதிலோ டாங்கிள் பக்கமாக வருகிறது. யாரோ முகவரியைப் போலியாகப் போட்டு அனுப்புகிறார்கள் என்று சந்தேகித்துக் கர்னல் அதைச் சத்தமில்லாமல் கீழே போடுகிறது. அந்த அமைப்பில் 1 என்றால் கறார், 2 என்றால் தளர்வு. இரண்டு வாயில் உள்ள பெட்டிக்கு 2 வேண்டும். இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல், நல்ல டாங்கிளைக் கெட்டது என்று கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

சரி, தீர்ப்பு சரியாகவே வந்தது. பெட்டி மாறிவிட்டது. புதிதாகத் திறக்கும் பக்கங்கள் திறக்கின்றன. அதோடு முடிந்ததா? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பேச்சுகள் என்ன ஆகும்?

டிசிபி இணைப்பு என்பது இரண்டு முகவரிகளுக்கு இடையே நடக்கும் ஒப்பந்தம். ஒரு பக்கத்து முகவரி மாறினால் ஒப்பந்தம் முறிந்தது. முறிந்ததை அந்த நிரல் உடனே உணர்வதும் இல்லை. லினக்ஸ் இயல்பாக 15 முறை திரும்ப அனுப்பிப் பார்க்கும். கணக்குப்படி குறைந்தது 924.6 விநாடி, அதாவது கால் மணி நேரத்துக்கு மேல். அதுவரை எஸ்எஸ்ஹெச் திரை உறைந்து நிற்கும். மாற்று உண்டு: மல்டிபாத் டிசிபி. ஒரே இணைப்பை இரண்டு முகவரிகளில் ஓட்டும் முறை. ஆப்பிள் 2013-லேயே தன் 'சிரி' குரல் உதவியாளருக்கு அதைப் பயன்படுத்தியது. லினக்ஸ் கர்னலுக்குள் 2020-இல் 5.6 பதிப்பில் வந்தது. எதிர்முனைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எல்லா இடத்திலும் எடுபடாது.

இதைவிடக் குறும்பு அலுவலகத்து ஐபி போன். லினக்ஸ் பெட்டி நாட் செய்கிறது. உள்ளே இருக்கும் போனின் பேச்சை ஃபைபரின் முகவரி போட்டு வெளியே அனுப்புகிறது. அந்தக் கணக்கைக் கான்ட்ராக் என்ற பேரேட்டில் எழுதிவைத்திருக்கிறது. பெட்டி டாங்கிளுக்கு மாறிய பிறகும் பழைய கணக்குப்படி ஃபைபரின் முகவரியோடு பாக்கெட் டாங்கிள் வழியாகக் கிளம்புகிறது. அது எங்கும் போய்ச் சேராது. பதில் வராததால் போன் மறுபடி முயல்கிறது. ஒவ்வொரு முயற்சியும் பேரேட்டின் காலாவதி நேரத்தைப் புதுப்பிக்கிறது. ஆக, அந்தக் கணக்கு சாகவே சாகாது! எல்லாரும் நெட்டில் உலாவுகிறார்கள், போன் மட்டும் ஊமை. மாஸ்கரேட் விதி எழுதியிருந்தால் வழி மாறியதைக் கர்னலே கண்டுகொண்டு பழைய கணக்கைத் தூக்கிப்போடும். நிலையான முகவரி எழுதிய எஸ்நாட் விதி கண்டுகொள்ளாது. அங்கே, மாறிய கையோடு அந்தக் கணக்குகளை அழிக்கும் ஒரு வரியை ஸ்கிரிப்டில் சேர்க்க வேண்டும்.

திரும்பி வருவதிலும் அவசரம் கூடாது. போவதற்கு மூன்று பிங் தோல்வி போதும் என்று வைத்தால், வருவதற்கு ஒன்றிரண்டு நிமிடமாவது தொடர்ந்து நல்ல பதில் கேட்பது நலம். அறுந்த ஃபைபரை ஒட்டுகிறவர்கள் ஒட்டி, பார்த்து, மறுபடி வெட்டி ஒட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் அலுவலகம் இங்கும் அங்கும் தாவினால், தாவாமல் டாங்கிளிலேயே கிடப்பது மேல். இதையெல்லாம் சொந்தமாக எழுத வேண்டும் என்பதும் இல்லை. ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டரில் எம்வேன்3 இந்த வேலையைப் பார்க்கிறது. இரண்டு ரவுட்டர்கள் ஒரே கேட்வே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் விஆர்ஆர்பி முறைக்குக் கீப்அலைவ்டி இருக்கிறது. அதில் சோதனை ஸ்கிரிப்டையும் மாட்டலாம்.

இனி, இரண்டு வழி என்று நினைத்தது இரண்டுதானா என்பது. 2022 ஜூலை 8 அதிகாலையில் கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் நடு நெட்வொர்க் ஓர் அமைப்பு மாற்றத்தால் நிலைகுலைந்தது. கம்பி இணையமும் செல்போனும் ஒரே நடு நெட்வொர்க்கில் ஓடியதால் இரண்டும் சேர்ந்து போயின. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். இன்டராக் என்ற டெபிட் பணப்பரிமாற்ற அமைப்பும் நின்றதால் கடைகளில் அட்டை தேய்க்க முடியவில்லை. பழுது பார்க்க வேண்டிய அந்த நிறுவனத்தின் ஊழியர்களுக்கே தங்கள் கருவிகளை எட்ட வழியில்லாமல் போனது. அங்கே ஒரே நிறுவனத்தின் கம்பியையும் சிம்மையும் வைத்து ஃபெயிலோவர் கட்டியிருந்தவரின் ஸ்கிரிப்ட் அன்றைக்கு மிகச் சரியாக வேலை செய்திருக்கும். ஒரு பிணத்திலிருந்து இன்னொரு பிணத்துக்கு.

இரண்டு வழியும் பதில் சொல்லாத நேரத்தில் ஸ்கிரிப்ட் என்ன செய்ய வேண்டும்? பலர் இதை எழுதுவதே இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் அவர்களின் உள் முதுகெலும்பு நெட்வொர்க் அறுந்தது. தரவு மையத்தை எட்ட முடியாத டிஎன்எஸ் சர்வர், 'நான் நோய்வாய்ப்பட்டிருக்கிறேன்' என்று தன் முகவரி அறிவிப்பைத் தானே விலக்கிக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். ஒரு சர்வர் செய்தால் நல்ல ஏற்பாடு. எல்லாச் சர்வரும் ஒரே நேரத்தில் அதையே செய்தன. ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் எதுவும் இல்லை. நம் ஸ்கிரிப்டிலும் அதற்கு ஒரு வரி வேண்டும்: இரண்டும் ஊமை என்றால் எதையும் தொடாதே, ஃபைபரை முதலிடத்திலேயே விட்டுவை.

கடைசியாகச் சோதனை. சர்வரின் கேபிளை உருவாதீர்கள். ரவுட்டரின் பின்னால் போங்கள். வெளியிலிருந்து வரும் மெல்லிய ஃபைபர் வடத்தைக் கழற்றுங்கள். ரவுட்டர் உயிரோடு இருக்கட்டும், லேன் விளக்கு எரியட்டும். எஸ்எஸ்ஹெச் ஒன்று திறந்திருக்கட்டும், ஐபி போனில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கட்டும். எது எத்தனை விநாடியில் மாறுகிறது, எது மாறவே இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மாட்டிவிட்டுத் திரும்பி வருவதையும் பாருங்கள். அதற்கு முன்னால் டாங்கிளின் சிம்முக்கு ரீசார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் யாரும் தொடாத சிம் அது. அதன் வழியாகவும் ஸ்கிரிப்ட் தினமும் ஒரு பிங் அனுப்பி, பதில் வராவிட்டால் அட்மினுக்கு மெயில் போட வேண்டும்.